கரி படியும் ஊரில் சுவருக்கு என்ன நிறம்?

உப்புக் காற்று, லாரிப் புகை, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், ஒரே அறைக்குள் நான்கு அறைகளின் வேலை. வடசென்னையின் வீடுகளுக்கு வண்ணம் தேர்வதென்பது ரசனையோடு முடிந்துவிடும் காரியமன்று.

தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் குறுக்குத் தெருக்களில், முற்பகல் 11 மணிக்கு, கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் ரோஜா நிறமும் பூசிய வீட்டு முகப்புகள் கண் கூசும் வெயிலில் நிற்க, அதே வீடுகளின் நடுக்கூடத்தில் குழல்விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டுக்குப் பொதுவாகிவிட்டதால் சன்னலுக்கு இடமில்லை. வாசற்கதவு வழியாகவும் பின்கட்டின் சிறு திறப்பு வழியாகவும் வருவதே வெளிச்சம். சன்னல் கம்பியின் கிடைச்சட்டத்தில் விரலை வைத்து இழுத்தால் கரிய தடம் பதிகிறது. வெயில்மறைப்புப் பலகைக்குக் கீழே மழைநீர் வழிந்த கோடுகள் கறுத்திருக்கின்றன. உள்ளே, தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை சுவரின் பூச்சு பொரிந்து, வெள்ளைப் பொடியாக உப்பை உதிர்க்கிறது.

போகிக்கு முன்னும், கிறிஸ்துமஸுக்கு முன்னும், ரமலான் முடியுமுன்னும் இத்தெருக்களின் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: ஹாலுக்கு என்ன கலர், படுக்கையறைக்கு என்ன கலர், சமையலறைக்கு என்ன கலர்? வண்ணக்கடையில் கிடைக்கும் ஷேடு கார்டு, அதாவது நிற மாதிரிகளை எண்ணும் பெயருமிட்டு அடுக்கிய மடிப்பேடு, இக்கேள்விக்கு விடை தருவதுபோலத் தோன்றும். ஆனால் அதில் அச்சிடப்பட்டுள்ள அறைகள் மூன்று பக்கமும் சன்னல் கொண்டவை. அவற்றின் சுவர்களில் ஈரக்கசிவு இல்லை. அவற்றில் இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்குபவர் எவரும் இல்லை. தண்டையார்பேட்டையின் சுவருக்கான நிறத்தை, அந்தச் சுவரில் எந்த நேரத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது, அதன்மேல் என்ன படிகிறது, அதற்கு முன்னால் யார் என்ன வேலை செய்கிறார் என்ற மூன்றையும் அறிந்த பின்பே முடிவு செய்ய முடியும்.

வெளுப்பிலிருந்து டப்பா வண்ணம் வரை

வடசென்னைக்கு நிறத்தோடு உள்ள உறவு சென்னை நகரத்தின் தொடக்கத்திலேயே அமைந்தது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இக்கரையில் இடம் பிடித்ததன் முதன்மைக் காரணம் துணி. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு உலகச் சந்தை இருந்தது. அத்துணிகளை வெளுத்தவர்கள் குடியேறியதால் வண்ணாரப்பேட்டையும், 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்தியதால் காலடிப்பேட்டையும் உருவாயின. வீட்டுச் சுவர்கள் மட்டும் நெடுங்காலம் வெள்ளையாகவே இருந்தன. சுண்ணாம்பு நீரில் சிறிது நீலம் கலந்தால் மஞ்சள் சாயல் மறைந்து வெண்மை பளிச்சிடும் என்பதைத் தாண்டி நிறத்தேர்வு என்று ஒன்று பெரிதாக இல்லை. பின்னர் ஸ்னோசெம் என்ற பெயராலேயே அறியப்பட்ட சிமெண்ட் வண்ணமும், டிஸ்டெம்பரும், கதவு சன்னலுக்கு எனாமலும், கடைசியாக நீரில் கரையும் எமல்ஷனும் வந்தன. இன்று எந்த நிறத்தையும் கடைக்காரரின் கலவை இயந்திரம் சில நிமிடங்களில் கலந்து தருகிறது. தேர்வு பெருகிய அதே காலத்தில், சுவரைப் பற்றிய பழைய அறிவு மெல்ல உதிர்ந்தது.

> பெட்டிச் செய்தி: கிளிஞ்சலில் பிறந்த பளபளப்பு
>
> கடற்கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பை நன்கு அரைத்து, முட்டை வெண்கரு, வெல்லம், கடுக்காய் நீர் போன்றவை சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணிகளிடையே புகழ் பெற்றது. பளிங்கு என்றே அதை அவர்கள் மயங்கினர். சுட்ட சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து நீற்றுச் சுண்ணாம்பாகி, சுவரில் பூசிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. இதன் காரத்தன்மை பூஞ்சையை வளரவிடாது. இதன் நுண்துளைகள் சுவரின் ஈரத்தை வெளியே விடும். உப்புக் காற்று வீசும் கரையோரத்துக்கு இவ்விரண்டு குணங்களும் எவ்வளவு பொருந்தியவை என்பதை, நீராவியை வெளியேவிடாத பூச்சுகள் பரவிய பிறகே நகரம் உணரத் தொடங்கியது.

இங்கே வடக்குச் சுவர் குளிர்வதில்லை

அறைக்கேற்ற நிறம் குறித்து உலகெங்கும் வழங்கும் அறிவுரைகளுள் ஒன்று, வடக்கு நோக்கிய அறைக்கு மஞ்சள், ஆரஞ்சு போன்ற வெதுவெதுப்பான நிறங்களும் தெற்கு நோக்கிய அறைக்கு நீலம், பச்சை போன்ற குளுமையான நிறங்களும் பொருந்தும் என்பதாகும். இது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தோன்றிய விதி. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கு வானில்தான் இருக்கும். வடக்குச் சன்னலுக்கு நேரடி வெயில் அரிது. சென்னையோ நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே மட்டும் உள்ளது. ஏப்ரல் இறுதியில் ஒருமுறையும் ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஒருமுறையும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில், கத்திரி வெயில் உட்பட, அது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆகவே கோடையில் வெயில் வாங்குவது வடக்குச் சுவர். மார்கழியில் தெற்குச் சுவர். இரண்டுமே மிதமானவை. உண்மையான சிக்கல் மேற்குச் சுவரில் இருக்கிறது. பிற்பகல் 3 மணிக்கு மேல் தாழ்ந்து வரும் வெயில் அதன்மீது நேராக விழுவதோடு, சன்னல் இருந்தால் அறைக்குள் செம்மஞ்சள் ஒளியையும் நிரப்புகிறது. அந்த அறையின் சுவர் ஏற்கெனவே ஆரஞ்சாகவோ அடர் மஞ்சளாகவோ இருந்தால் மாலை நேரத்தில் கண்ணுக்கு ஓய்வே கிடைக்காது. வெளிர் சாம்பல் கலந்த பச்சையோ நீலமோ அங்கே அந்த ஒளியைத் தணித்துக் காட்டும்.

இதில் ஒரு தெளிவு வேண்டும். அறையின் உட்சுவரில் பூசிய நீலம் வெப்பமானியின் அளவைக் குறைக்காது. குளுமை என்பது தோற்றம் மட்டுமே, அதுவும் ஆளுக்கு ஆள் மாறுபடுவது. வெப்பத்தை உண்மையில் குறைப்பது வெளிச்சுவரின் வெளிர் நிறமும், அதைவிட முதன்மையாக மொட்டை மாடியின் வெண்மையும்தான். மேல்தளத்தில் குடியிருப்பவர் படுக்கையறைச் சுவருக்கு நீலம் தேடுவதற்கு முன், தலைக்கு மேலுள்ள தளத்தை வெண்மையாக்கச் செலவிடுவது பயன் தரும்.

மூன்று எதிரொளிப்பில் எவ்வளவு மிஞ்சும்?

ஒரு நிறத்தை மூன்று பண்புகளால் விளக்கலாம் என்ற முறையை அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்டார். சிவப்பா, பச்சையா, நீலமா என்பது நிறச்சாயல். வெளிரா, அடரா என்பது ஒண்மை. பளிச்சென்று இருக்கிறதா, சாம்பல் கலந்து மங்கியிருக்கிறதா என்பது செறிவு. கடையில் வாக்குவாதம் முழுவதும் நிறச்சாயலைப் பற்றியே நடக்கிறது. ஒண்டிய வீடுகளில் வாழ்வின் தரத்தை நிர்ணயிப்பதோ பெரும்பாலும் ஒண்மைதான்.

காரணம் எளிய கணக்கில் அடங்கும். சுவர் தன்மேல் விழும் ஒளியில் எத்தனை விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறதோ அது அதன் ஒளித்திருப்ப அளவு. வாசல் வழியாக நுழையும் பகலொளி நேராகச் சென்று கடைசி அறையை அடைவதில்லை. சுவருக்குச் சுவர் மோதித்தான் உள்ளே போகிறது. சுவர்கள் 80% ஒளியைத் திருப்பினால் மூன்று மோதலுக்குப் பின் தொடங்கியதில் பாதி மிஞ்சும். 50% மட்டும் திருப்பும் நடுத்தர அடர்த்தி கொண்ட நிறமானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். வாசலறையில் அடர் நிறம் பூசியவர் உண்மையில் தன் பின்கட்டின் பகலொளியைச் செலவழித்துவிடுகிறார். உள்ளரங்க ஒளியமைப்புக்கான தரநெறிகள் மேற்கூரைக்கு 60 முதல் 90%, சுவருக்கு 30 முதல் 80%, தரைக்கு 10 முதல் 50% என்ற வரம்புகளைச் சொல்கின்றன. இத்தகைய நீண்ட, பக்க சன்னலற்ற வீட்டில் கூரையும் நடைவழிச் சுவர்களும் இந்த வரம்பின் மேல்நுனியில் இருப்பதே நல்லது.

அதற்காக வீடு முழுவதும் பால்வெள்ளை பூசுவதும் விடையாகாது. போதிய ஒளி விழாத மூலையில் தூய வெள்ளை சாம்பலாகத் தெரியும்; புகை படிந்த இடம் முதலில் தெரிவதும் வெள்ளையில்தான். சிறிது மஞ்சளோ மண்ணிறமோ கலந்த இளவெண்மை ஒளியை ஏறக்குறைய அதே அளவுக்குத் திருப்பியபடியே, மங்கிய மூலையிலும் உயிரோடு தோன்றும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒளி குறையும்போது மனிதக் கண்ணுக்குச் சிவப்பு விரைவாகக் கறுத்துவிடுகிறது, நீலப்பச்சை ஒப்பளவில் வெளிச்சமாகத் தெரிகிறது. செக் உடலியலாளர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்ததால் இது அவர் பெயரால் வழங்குகிறது. ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் மெரூன் பூசும் வழக்கம் இப்போது பரவலாக உள்ளது. வெயில் படும் அறையில் அழகாக இருக்கும் அந்தச் சுவர், பகலிலும் விளக்கு தேவைப்படும் கூடத்தில், மின்சாரம் நின்ற மாலையில், ஏறத்தாழக் கறுப்பாகிவிடும்.

காற்றில் வருவதும் தரையிலிருந்து ஏறுவதும்

வடசென்னையின் சுவர்கள் நிறம் மாறுவதற்குத் துறைமுகத்தோடு நேரடித் தொடர்பு இருந்த காலம் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியும் ஏற்றிய இரும்புத்தாதுவும் கிளப்பிய தூசு இராயபுரத்தையும் சுற்றுப்பகுதிகளையும் பல ஆண்டுகள் மூடியது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் பிறப்பித்த ஆணையால் அவ்வாண்டு அக்டோபர் முதல் அங்கே அவற்றைக் கையாள்வது நின்று, நிலக்கரி 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்துக்கு, அதாவது இன்றைய காமராசர் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது. தண்டையார்பேட்டைக்குச் சிறிது ஆறுதல் கிடைத்தது என்றால், சுமை எண்ணூரின் மீது கூடியது. கண்டெய்னர் லாரிகளின் டீசல் கரி மட்டும் இன்றும் எல்லோருக்கும் பொது.

இக்கரி எண்ணெய்ப் பசை கொண்டது, துடைத்தால் பரவும். ஆகவே தெருவை ஒட்டிய அறையில் நிறத்தைவிட முதலில் முடிவு செய்ய வேண்டியது பூச்சின் மெருகு. மினுமினுப்பே இல்லாத மேட் வகை கரியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஈரத்துணியால் தேய்த்தால் திட்டாகும். இலேசான மினுமினுப்புள்ள, கழுவத்தக்க எமல்ஷன் துடைக்கத் தாங்கும்; அதேவேளை சுவரின் மேடுபள்ளங்களை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும் என்பதால் பட்டி வேலை, அதாவது சுவரைச் சமப்படுத்தும் லப்பம் பூச்சு, ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். பழைய வீடுகளிலும் அரசுப் பள்ளிகளிலும் காணும் ஒரு வழக்கம், சுவரின் கீழ்ப்பகுதி நாலடி உயரத்துக்கு அடர் நிறமும் மேலே வெளிர் நிறமும் பூசுவது, அழகற்றது என்று இன்று கைவிடப்பட்டுவிட்டது. கை படும், முதுகு சாயும், சைக்கிள் உரசும் இடத்தில் அடரும், ஒளி பரவும் இடத்தில் வெளிரும் என்று பிரிக்கும் அந்த முறை, குறுகிய நடைவழிகளுக்கு இன்றும் மிகச் சிறந்த தீர்வு.

ஆனால் அக்கீழ்ப்பட்டையை எனாமலால் பூசுவதில் ஓர் ஆபத்து உண்டு. தரைத்தளச் சுவர்களில் ஈரம் மண்ணிலிருந்து மேலேறுகிறது. உவர்நீரில் குழைத்த பூச்சு தனக்குள்ளேயே உப்பை வைத்திருக்கிறது. ஈரம் வெளியேறும் இடத்தில் உப்பு படிகமாகி விரியும்போது பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. இதையே உப்பரித்தல் என்பர். எனாமல் அந்த ஈரத்தை உள்ளே அடைத்தால் அது வேறு வழி தேடி இன்னும் உயரே ஏறும். ஒரு முழம் இருந்த பொரிவு மறு ஆண்டு மார்பளவுக்கு வருவதன் காரணம் பலருக்கும் புரியாமல், ஒவ்வொரு பொங்கலுக்கும் அதன்மேல் இன்னொரு கோட்டிங் போகிறது. அந்தச் செலவு அத்தனையும் வீண். உப்பரித்த பூச்சைச் செதுக்கி எடுத்து, சுவரைப் பல வாரம் காயவிட்டு, ஈரத்தை வெளியேவிடும் சுண்ணாம்பு வகைப் பூச்சை அந்தப் பட்டைக்குப் பூசுவதே நிலைக்கும். காவியோ வெளிர்மண் நிறமோ அதற்குப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த உடனேயே வரும் மார்கழி, வழக்கத்தால் வண்ணம் பூசும் மாதமானாலும், சுவர் மிகவும் ஈரமாக இருக்கும் மாதமும் அதுவே. மாசி, பங்குனிக்குத் தள்ளிவைக்க முடிந்தவர்களுக்கு அதே வண்ணம் கூடுதல் ஆண்டுகள் உழைக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பரவி, எர்ணாவூர், எண்ணூர் வட்டாரத்தின் தாழ்வான வீடுகளுக்குள் புகுந்தது. நீர் நின்ற உயரத்தை வீட்டுச் சுவர்கள் கரிய கோடாகக் காட்டி நின்றன. அத்தகைய சுவரில் நீரில் கரையும் எமல்ஷன் ஒட்டாது. எவ்வளவு அடர்ந்த நிறம் பூசினாலும் எண்ணெய்க் கறை சில வாரங்களில் ஊடுருவி மேலே வரும். சோப்பு நீரால் பலமுறை கழுவி, கறை மறைக்கும் பிரைமர் அடித்த பிறகே நிறம் பற்றிப் பேச முடியும். ஆழமாக ஊறியிருந்தால் பூச்சையே கொத்தி எடுக்க வேண்டும். குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் கேட்கும் வேலை இது. இழப்பீட்டைக் கணக்கிடுவோர் மீனையும் படகையும் கணக்கில் கொள்வதுபோலச் சுவரையும் கொள்ள வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

ஓர் அறைக்குள் நான்கு அறைகள்

அறைக்கு ஒரு நிறம் என்ற சொற்றொடர் பல அறைகளை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. 1970இல் தொடங்கி 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியத்தின் பழைய அடுக்குக் குடியிருப்புகளில் வாழுமிடம் பெரும்பாலும் ஓரறையும் சமையல் மூலையும் மட்டுமே. பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் நலிவுற்ற பிரிவினரின் வீட்டுக்கு வகுத்த உள்பரப்பு வரம்பே 30 சதுர மீட்டர், அதாவது சுமார் 320 சதுர அடிதான். தெருக்களில் உள்ள ஒண்டுக்குடித்தனங்களிலும் நிலைமை இதுவே. காலையில் அந்த ஓரறை உணவுக்கூடம், பகலில் இரவு ஷிப்டு முடித்தவரின் படுக்கையறை, மாலையில் பள்ளிப் பிள்ளையின் படிப்பறை, இரவில் ஐந்து பேரின் பாய் விரிப்பு.

இங்கே மோதுவது இரண்டு தேவைகள். துறைமுகத்திலோ மணலித் தொழிற்சாலையிலோ இரவு முழுவதும் வேலை பார்த்தவருக்குப் பகலில் இருள் வேண்டும். அதே நேரத்தில் விடுமுறை நாளில் வீட்டிலிருக்கும் பிள்ளைக்குப் படிக்க வெளிச்சம் வேண்டும். முழு அறைக்கும் ஒரே நிறம் பூசினால் இருவரில் ஒருவர் தோற்க நேரிடும், பெரும்பாலும் உறங்குபவரே தோற்கிறார். சுவர்களைப் பிரித்துக் கையாள்வதால் இதை ஓரளவு தீர்க்கலாம். வாசலிலிருந்து மிகத் தொலைவான மூலையில் சேரும் இரண்டு சுவர்களுக்கு மட்டும், தலையணை வைக்கும் பக்கத்தில், செறிவு குறைந்த நடு அடர் நிறம், சாம்பல் கலந்த நீலமோ புளியிலைப் பச்சையோ, மினுமினுப்பில்லாத பூச்சில் அமையலாம். அந்த மூலைக்கு நேரே மட்டும் ஓடும் ஒரு கம்பியில் அதே நிறச்சாயலில் கனத்த திரை தொங்கலாம். மற்ற இரு சுவர்களும் கூரையும் இளவெண்மையாகவே இருக்க, படிக்கும் இடம் வாசலோரமாக, ஒளி எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து விழும்படி அமைய வேண்டும். படிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு நேரெதிரே பளிச்சென்ற சிவப்போ பொம்மைப் படங்களோ வேண்டியதில்லை. புத்தகத் தாளைவிடச் சற்றே மங்கிய வெற்றுச் சுவர்தான் கண் அடிக்கடி தாளிலிருந்து உயர்ந்து இறங்குவதற்கு எளிது.

சன்னல் உள்ள ஒற்றைச் சுவரை அடர்நிறமாக்கும் தவறும் இத்தகைய வீடுகளில் அடிக்கடி நேர்கிறது. வெளிச்சமான சன்னலைச் சுற்றி இருண்ட சுவர் இருந்தால் கண் கூசும். சன்னல் உள்ள சுவரே அறையின் மிக வெளிரான சுவராக இருக்க வேண்டும். வாஸ்து அடிப்படையில் திசைக்கு ஒரு நிறம் வேண்டுமென்று விரும்பும் குடும்பங்களும் பல. நம்பிக்கை அவர்களுடையது, அந்நிறத்தின் வெளிர்ந்த, செறிவு குறைந்த வடிவத்தை எடுத்துக்கொண்டால் ஒளிக்கும் நம்பிக்கைக்கும் முரண்பாடு வராது.

செவுளின் சிவப்பு தெரிய வேண்டும்

சமையலிடத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பசியைத் தூண்டும் என்ற கூற்று விற்பனையாளர்களிடம் புழங்குகிறது. காசிமேட்டு மீனை வாங்கிவந்து ஆய்பவருக்கு வேண்டியது வேறு. செவுள் இன்னும் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, கீரையில் பழுப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க நடுநிலையான ஒளி வேண்டும். பளிச்சென்ற நிறமுள்ள சுவர் தன் நிறத்தை அருகிலுள்ள பொருளின்மேல் எதிரொளிக்கும்; அடர்பச்சைச் சுவருக்கு அருகே மீன் வெளிறித் தெரியும், சிவப்புச் சுவரருகே பழையதும் புதிதாகத் தெரியும். அடுப்பு மேடைக்கு மேலே வெளிர் ஓடும், சுவருக்கு இளவெண்மையோ மிக வெளிர்ந்த மஞ்சளோ போதும். தாளிப்புப் புகையால் வெள்ளை எப்படியும் மஞ்சளிக்கும் என்பதால் தொடக்கத்திலேயே சிறிது மஞ்சள் கலந்திருப்பது அந்த மாற்றத்தை மறைக்கவும் செய்யும்.

முதியவர் இருக்கும் வீட்டில் குளியலறையும் படிக்கட்டும் தனிக்கவனம் கேட்கின்றன. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளிப்பதால் நீலம், ஊதா, சாம்பல் ஆகியவற்றுக்கிடையேயான வேறுபாடு மங்குகிறது. வெள்ளைத் தரையில் வெள்ளைப் பீங்கானும், சாம்பல் படியில் சாம்பல் விளிம்பும் அவர்களுக்கு ஒன்றாகவே தெரியும். படியின் ஒவ்வொரு விளிம்பிலும் மூன்று விரல் அகலத்துக்கு அடர்சிவப்போ மஞ்சளோ, கைப்பிடிக் கம்பிக்குச் சுவரிலிருந்து மாறுபட்ட நிறம் என்ற இரு சிறு செலவுகள் ஓர் இடுப்பெலும்பு முறிவைத் தவிர்க்கக்கூடியவை. வீட்டின் வண்ணச் செலவில் முதலில் ஒதுக்க வேண்டிய தொகை இதுவே என்று சொன்னாலும் மிகையில்லை.

கடையில் கண்டதும் வீட்டில் கண்டதும்

தேர்ந்த நிறம் வேறு, சுவரில் வந்த நிறம் வேறு என்ற மனக்குறைக்குக் கடைக்காரரோ பெயிண்டரோ எப்போதும் காரணமில்லை. ஒரே மாதிரி தெரியும் இரு நிறங்கள் வேறொரு விளக்கின் கீழ் வேறுபட்டுத் தெரியக்கூடும். கடையின் நீலவெண்மை விளக்கும் வீட்டின் மஞ்சள் விளக்கும் ஒரே ஷேடை இரண்டாகக் காட்டும். மேலும் எந்த நிறமும் தன் பக்கத்து நிறத்தால் மாறித் தெரிகிறது என்பதை, பாரிஸின் கோபலன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரூல் 1839இல் விரிவாக எழுதினார். சாயம் சரியில்லை என்று வந்த முறையீடுகளை ஆராய்ந்த அவர், குறை சாயத்தில் இல்லை, அடுத்தடுத்து நெய்த நூல்களின் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுகின்றன என்று கண்டார். சிவப்புத் தரை உள்ள வீட்டில் சாம்பல் சுவர் பச்சைச் சாயல் காட்டுவது இதனால்தான். பழைய தண்டையார்பேட்டை வீடுகளின் சிவப்புக் காவித் தரைக்கு, சாம்பலைவிட மண்ணிறம் கலந்த வெண்மை பொருந்துவதும் இதனால்தான்.

> பெட்டிச் செய்தி: வாங்குமுன் ஒரு சோதனை
>
> விரல்நகம் அளவுள்ள மாதிரியை நம்பாமல், மிகச் சிறிய டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரு கோட்டிங் பூசி, அதை அறையின் வெளிச்சமான சுவரிலும் இருண்ட மூலையிலும் மாற்றி மாற்றி நிறுத்திக் காலை, பிற்பகல், விளக்கொளி ஆகிய மூன்று நேரங்களில் பார்க்க வேண்டும். அட்டையைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டால் பழைய சுவரின் நிறம் குழப்பாது. நான்கு சுவர்களிலும் பூசும்போது ஒன்றின் எதிரொளி மற்றொன்றில் பட்டு நிறம் மேலும் செறிவாகத் தெரியும் என்பதால், பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிரானதை வாங்குவது பாதுகாப்பானது. ஈரச் சோதனைக்கு, ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி ஓர் இரவு விட்டு, மறுநாள் உட்புறத்தில் நீர்த்துளி உண்டா என்று பார்த்தால் போதும்.

பழைய எனாமலுக்கு அடியில்

பிள்ளைகள் அறைக்கு என்ன நிறம் என்று கேட்கும் பெற்றோர், அந்நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பது குறைவு. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களுக்கு நீண்டகாலம் ஈயக் குரோமேட் என்ற நிறமி பயன்பட்டது. ஈயம் குழந்தைகளின் வளரும் மூளையைப் பாதிக்கிறது. உடலில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பழைய கதவின், சன்னல் கம்பியின் பூச்சு உரிந்து விழும் செதிளும், உப்புத்தாளால் உலரத் தேய்க்கும்போது கிளம்பும் தூசும் தரையில் தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகின்றன. சுவாசக் கவசமின்றி நாள் முழுதும் தேய்க்கும் பெயிண்டரின் நுரையீரலுக்கு அது நேராகவே போகிறது. பழைய எனாமலை எப்போதும் நனைத்துத் தேய்க்க வேண்டும்; உதிர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்; வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஓரறை வீட்டில் இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனாலும் பக்கத்துத் தெரு உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது.

> பெட்டிச் செய்தி: 90 என்ற எண்
>
> வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பரில் அறிவித்தது; அவை ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தன. டப்பாவின் மேல் இந்த அளவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயரற்ற டப்பாக்களிலும், பிரித்து அளந்து விற்கும் எனாமலிலும் இந்த உறுதி கிடையாது. விதிகளுக்கு முன் பூசிய அடுக்குகள் பழைய கதவுகளில் அப்படியே உள்ளன.

வாடகைச் சுவருக்கு யார் செலவு?

தண்டையார்பேட்டையின் ஏராளமான குடும்பங்களுக்குச் சுவரின் நிறத்தைத் தேரும் உரிமையே இல்லை. அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகை அளவுக்கு முன்பணத்தில் பிடித்துக்கொள்வது சென்னையில் வேரூன்றிய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் சட்டமோ, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் தன் அட்டவணையில் உரிமையாளரின் பொறுப்புகளுள் வைக்கிறது. வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இயல்பான தேய்மானம் வேறு, வாடகைதாரர் விளைவித்த சேதம் வேறு என்பது சட்டத்தின் பிரிப்பு. காற்றில் வந்த கரியும் தரையிலிருந்து ஏறிய உப்பும் எந்த வாடகைதாரரும் விளைவித்தவை அல்ல.

வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் இடையே நிற்கும் வாடகைதாரர் செய்யக்கூடியவை சில உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வண்ணச் செலவு பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டும். குடிவரும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும், குறிப்பாகக் கீழ்ப்பகுதியின் உப்பரிப்பையும் கூரையின் ஈரத்திட்டுகளையும், தேதி தெரியும்படி படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைக்க வேண்டும். சுவரைத் தொடாமலே அறையின் நிறத்தை மாற்றவும் வழி இருக்கிறது. சிறிய அறையில் கண் காணும் பரப்பில் பெரும்பங்கு திரைக்கும், கட்டில் விரிப்புக்கும், பாய்க்கும், அலமாரிக் கதவுக்கும் உரியது. உரிமையாளர் பூசிய பளிச்சென்ற ரோஜா நிறத்துக்கு முன்னால் மங்கிய பச்சை விரிப்பும் வெளுக்காத பருத்தித் திரையும் வந்தால் அந்த ரோஜாவின் கூச்சம் தணியும். உரிமையாளருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அடர் நிறத்தை மறைக்க அடுத்த முறை கூடுதல் கோட்டிங்குகள் தேவைப்படும். இளவெண்மைச் சுவரில் கறைபட்ட பகுதியை மட்டும் தொட்டுப் பூசிவிடலாம். அதற்குப் பூசிய வண்ணத்தின் நிறுவனம், ஷேடு எண், பூசிய மாதம் ஆகியவற்றை மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்தால் போதும். அடுத்து வரும் பெயிண்டர் யாராக இருந்தாலும் அதே நிறத்தைக் கடையில் கேட்டு வாங்க முடியும்.